பூ விழாத வருஷம்

காளியண்ணனைப் பற்றிக் கேட்டால் காரவள்ளியில் ஆளுக்கொன்று சொல்வார்கள். காது கூர்மை என்பார்கள், கைராசி என்பார்கள். இரண்டும் வெறும் பேச்சு. கிழங்கு மில்லில் எடை போட்டுக்கொண்டு அவனோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? அவனிடம் இருந்தது ஒரே ஒரு கெட்ட வழக்கம். நாளைக்கு எது கெட்டுப்போகும் என்று இன்றைக்கே உட்கார்ந்து கவலைப்படுவான். வேறு யாராவது அப்படிச் செய்தால் பயந்தாங்கொள்ளி என்போம். மில்லில் செய்ததால் அதற்கு பிட்டர் வேலை என்று பேர் வைத்துச் சம்பளமும் கொடுத்தார் எங்கள் முதலாளி அருணாசலம்.

யுத்தத்தில் கப்பல் நின்று, வெளிநாட்டு ஜவ்வரிசி வராமல் போனதும், சேலம் ஜில்லாவில் கொஞ்சம் வசதி இருந்தவர்களெல்லாம் கிழங்கு மில் ஆரம்பித்தார்கள். கொல்லிமலை அடிவாரத்தில் எங்கள் மில்லும் அப்படி முளைத்ததுதான். ஒரு எண்ணெய் இஞ்சின், அது சுழற்றும் நீளத் தண்டு, தண்டோடு சேர்ந்து சுற்றும் ஒரு மர உருளை. உருளையைச் சுற்றி ஆணியால் பொத்தல் போட்ட தகரம், சொரசொரப்பான பக்கம் வெளியே இருக்கும்படி அடித்திருக்கும். தோல் சீவிய குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அதன்மேல் அழுத்தினால் பாலாகக் கரைந்து கீழே தொட்டியில் விழும். அழுத்துவது மனிதக் கை. கைக்கும் தகரப் பல்லுக்கும் நடுவில் ஒரு கிழங்கின் நீளம்தான் இடைவெளி, அதுவும் தேயத் தேயக் குறைந்துகொண்டே வரும். உருளைக்கு எதிரே அந்த வேலையில் உட்கார்ந்திருந்தவள் அத்தாயி, காளியண்ணனின் மனைவி.

காளியண்ணன் மேலே மலையில் திருப்புலி நாட்டுக்காரன். சில ஊர்கள் சேர்ந்ததை அங்கே நாடு என்பார்கள். தினையும் சாமையும் மிளகுமாக இருந்த குடும்பம். வாலிபத்தில் பலாப்பழச் சுமையோடு ராசிபுரம் பக்கம் போனவன், ஒரு பஞ்சு மில்லுக்கு வெளியே நின்று இஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பழம் விற்க மறந்துவிட்டான் என்று மலையில் சொல்வார்கள். அவன் ஊருக்குத் திரும்புவதற்குள் பல மழைக்காலம் போய்விட்டது. அதற்குள் இஞ்சினைப் பிரிக்கவும் பூட்டவும் கற்றிருந்தான். இரும்புக்கு வாக்கப்பட்டவன் என்று சொந்தக்காரர்களே கேலி பேசினார்கள், பெண் கொடுக்கத் தயங்கினார்கள். கருப்பண்ணன் ஒருவர்தான் துணிந்து தன் தங்கை அத்தாயியைக் கொடுத்தார்.

கருப்பண்ணன் அந்த நாட்டுச் சாமிக்குப் பூசாரி. பூசாரியாக இருக்கிறவர் நாட்டு எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கக் கூடாது என்பது அவர்கள் கட்டுப்பாடு. அதனால் தங்கை குடியிருக்கும் வீட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவளை அனுப்பிவைத்தபோது மைத்துனனிடம் ஒரே பேச்சுத்தான் சொன்னாராம். "எப்படி அனுப்பறனோ அப்படியே வெச்சுக்கோணும் மாப்பள. அவ்வளவுதான்."

மில்லின் சங்கடம் என்னவென்றால், பிடுங்கிய கிழங்கு யாருக்காகவும் காத்திருக்காது. இரண்டு மூன்று நாள் போனால் உள்ளே நீலம் ஓடிவிடும், ஜவ்வரிசி கறுத்துப்போகும். அப்போது மலைக்கு ரோடும் கிடையாது, லாரியும் கிடையாது. தலைச்சுமையாகவும் கழுதை முதுகிலும் மலைக்காரர்கள் இறக்கிக்கொண்டு வந்த கிழங்கை, இன்றைக்கு மில் ஓடாது, எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல முடியுமா? மில் திறந்த அன்று முதலாளி அவர்கள் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார். அடிவாரத்துக்கு வந்துவிட்ட கிழங்கைத் திருப்பி அனுப்பவே மாட்டேன் என்று. மனுஷர் முன்கோபிதான், ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்.

இயந்திரத்துக்குச் சத்தியம் தெரியாது. தை மாதம் பிடித்து வைகாசி வரை நடக்கிற அரவையில், தண்டு உட்கார்ந்து சுழலும் பித்தளை பேரிங் நடுவிலேயே தேய்ந்துவிடும். தண்டை இறக்கி, புதுப் பித்தளையைத் தண்டுக்கு ஒட்டும்படி சீவி, மறுபடி ஏற்றி நேர் பார்ப்பது ஒரு ராத்திரியில் முடிகிற வேலை இல்லை. இஞ்சினுக்கும் பிள்ளைபெற்றவளுக்குச் செய்கிற மாதிரி நிறையப் பக்குவம் செய்ய வேண்டும். ஆகவே, கிழங்கு தானாகவே வராத ஒரு வாரம் நடுவில் வேண்டும்.

அந்த வாரத்தைக் காளியண்ணன் தன் மலையிலிருந்தே எடுத்துக்கொண்டான். திருப்புலி நாட்டில் நோன்பு சாட்டிவிட்டால், அதாவது சாமிக்குத் திருவிழா என்று தமுக்கடித்துச் சொல்லிவிட்டால், அது முடிகிறவரை ஒருவரும் மண்ணில் மண்வெட்டி போட மாட்டார்கள். எங்கள் அடிவாரக் கிழங்கு அதற்கு முன்பே முடிந்துவிடும். குண்டூர் நாட்டுக் கிழங்கு மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிடும். எனவே தமுக்குச் சத்தம் கேட்டதும் மில்லை நிறுத்துவான்.

ஆனால் நோன்பு என்றைக்கு என்று பஞ்சாங்கத்தில் கிடையாது. பூக் கேட்க வேண்டும். மாசி பிறந்ததும் செவ்வாய்தோறும் நாட்டார் கோயிலில் கூடுவார்கள். பூசாரி சாமியின் இரண்டு தோளிலும் பூ வைத்து, நோன்பு சாட்டலாமா என்று கேட்பார். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். எதுவும் விழாவிட்டால் இருட்டும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த செவ்வாய் மறுபடி கேட்க வேண்டும். சாமியின் தோளில் வைத்த பூவை யாரும் கையால் எடுக்கக் கூடாது. எடுத்தவன் பூசாரியாக இருந்தால் அன்றோடு அவன் பூசாரி இல்லை.

"மில்லு என்னுதா, உங்க மச்சான் சாமியுதா காளியண்ணா?" என்று முதலாளி கிண்டல் செய்வார்.

"சாமி என்னைக்கு உத்தரவு குடுத்தாலும் நம்ம கையில எல்லாம் தயாரா இருக்கோணுமுங்க" என்பான் அவன்.

அதைத்தான் அவன் வேலை என்று நான் சொல்வேன். நிறுத்திய பிறகு எதையும் தேடக் கூடாது என்பது அவன் கொள்கை. மாசி பிறக்குமுன்பே உருளைக்குப் புதுத் தகரம் பொத்தல் போட்டு முடிந்திருக்கும். பெல்ட் தைக்கத் தோல் வார் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கும். கழற்றுகிற வரிசையிலேயே சாமான்கள் சுவரில் தொங்கும். முதலில் வேண்டிய திருகுச் சாவி கதவுக்குப் பக்கத்தில், கடைசியில் வேண்டியது மூலையில். ஒரு கல்யாண வீட்டுச் சமையற்காரன்கூட இவ்வளவு முன்னேற்பாடு செய்ய மாட்டான். எனக்கோ பொறுமை கிடையாது, பார்த்தாலே எரிச்சல் வரும். நிறுத்துகிற நாள் நிச்சயமில்லை, அதற்கு இத்தனை அலங்காரமா என்று கேட்டிருக்கிறேன். "நாள்தானே நிச்சயமில்லை சின்னுசாமி, தேயறது நிச்சயந்தானே?" என்றான்.

யுத்தம் முடிந்த மறுவருஷம் பூ விழவில்லை.

மாசி போயிற்று, பங்குனி பிறந்தது. செவ்வாய்க்குச் செவ்வாய் மலையிலிருந்து வருகிறவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். கிழங்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. காளியண்ணன் ஒரு மூங்கில் குச்சியின் முனையை பேரிங் மேல் வைத்து, மறு முனையைக் காதில் அழுத்திக் கேட்பான். முன்பு காலையில் மட்டும் கேட்பான். இப்போது போகும்போதும் வரும்போதும் கேட்டான். தண்டில் ஒரு முனகல் வந்திருந்தது. உருளை சுற்றும்போது லேசாக உதறியது. கிழங்கு கொடுக்கும் அத்தாயியின் மணிக்கட்டு அந்த உதறலுக்கு ஏற்ப ஆடுவதை நானே பார்த்தேன்.

அவன் முதலாளியிடம் போனான். நானும் அங்கே இருந்தேன்.

"ஏனுங்க, மில்லை நிறுத்திப் போடலாமுங்க. உருளை உதறுதுங்க. ஒரு நாளைக்குத் துள்ளுச்சுன்னா கை உள்ள போயிருமுங்க."

"நிறுத்தறேன். இன்னைக்கே நிறுத்தறேன். மலையில இருந்து வந்துக்கிட்டு இருக்கற கிழங்கை என்ன பண்ணச் சொல்றே?"

"இனி வெட்ட வேண்டாம்னு சொல்லியனுப்பலாமுங்க."

"சொன்னா எவன் கேப்பான்? தான் வெட்டாம இருந்தா பக்கத்துக் காட்டுக்காரன் வெட்டுவான்னு ஒவ்வொருத்தனுக்கும் பயம். ஒரே ஒருத்தன் சுமந்துக்கிட்டு வந்து வாசல்ல நின்னாலும் நான் மில்லை ஓட்டோணும். சூடத்தை அணைச்சிருக்கறன் காளியண்ணா. கிழங்கு வராத மாதிரி பண்ணிக்க, சாவியை உங்கிட்டயே குடுத்தர்றேன்."

அதில் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவர் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. நியாயங்களுக்கு நடுவில்தான் அந்த உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது காளியண்ணன் பெண்டாட்டியிடம் சொன்னான். "நாளைல இருந்து நீ தோல் சீவற பக்கம் போயிரு."

அத்தாயி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நான் எந்திரிச்சா அங்க மாதம்மா உக்காருவா. அவ கை கையில்லையா?"

சங்கு ஊதியதும் அவள் போய் உருளைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை அவன் மலைக்குக் கிளம்பினான். மலைக்காரர்கள் நிஜமாகவே வெட்டுவதை நிறுத்துகிறார்களா என்று பார்த்து வர முதலாளி என்னையும் கூட அனுப்பினார். அந்த ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் சாமியையும் முதலாளியையும் கிழங்கையும் திட்டிக்கொண்டே ஏறினேன்.

கருப்பண்ணன் ஒல்லியான மனிதர். சிவப்புத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். மைத்துனன் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார். அத்தாயியின் கை என்று வந்த இடத்தில் விளக்குமாறு நின்றது.

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொன்னேன். "பூவை நல்லாத் தண்ணியில நனைச்சு, வலப்பக்கம் கொஞ்சம் விளிம்புல வெச்சீங்கன்னா..."

அவர் கோபப்படவில்லை. "வழுக்கிக்கிட்டு விழும். தெரியுமுங்க. இத்தனை வருசமா வெக்கறனே, எனக்குத் தெரியாதுங்களா? அப்படி விழுந்த பூவுக்கு யாரு கட்டுப்பட்டாலும் நான் கட்டுப்பட முடியாதுங்களே."

வெயில் சாய்ந்தபோது நாட்டார் கூடினார்கள். பலர் காட்டிலிருந்து நேராக மண்வெட்டியோடு வந்திருந்தார்கள். ராசப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்டிலேயே அதிகக் கிழங்கு மண்ணில் வைத்திருந்தவர் அவர். நோன்பு தள்ளிப்போவதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று ஊரே பேசியது.

கருப்பண்ணன் பூ வைத்தார். கேட்டார். பூ அசையவில்லை. உடுக்கை அடித்தார்கள், மறுபடி கேட்டார். காற்றுகூட அன்று எங்களுக்கு உதவவில்லை. நான் அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழு, விழுந்து தொலை என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். காளியண்ணன் தலையைக் குனிந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிழல் நீண்டது. பின்வரிசையில் இரண்டு பேர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு எழுந்தார்கள்.

கருப்பண்ணன் கையை நீட்டிச் சாமியின் வலத்தோளில் இருந்த பூவை எடுத்தார்.

கூட்டத்திலிருந்து எழுந்த சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அடிபட்டவர்கள் போடுகிற சத்தம் அது. அவர் பூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துத் திரும்பினார்.

"சாமி ஒண்ணும் சொல்லல. சொல்லுச்சுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இது என்ர பேச்சு. கீழ என்ர தங்கச்சி அந்த உருளைக்கு முன்னால கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. மில்லு நிக்கோணும். அதைச் சரி பண்ற வரைக்கும் ஒருத்தரும் மண்ணுல மண்வெட்டி போடாதீங்க. பூவைத் தொட்ட பாவம் எனக்கு."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து, மடித்து, படியில் வைத்தார். அதன்மேல் கோயில் மணியை வைத்தார். தகப்பனுக்குத் தகப்பன் காலத்திலிருந்து அவர்கள் குடும்பத்தில் இருந்த மணி அது.

அப்புறம் ராசப்பன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஏதோ சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். தன் மண்வெட்டியைக் கொண்டுபோய்ப் படிக்குக் கீழே சாத்தினார்.

"பூசாரியவே தோத்தாச்சு. கிழங்கு ஒரு வாரம் மண்ணுல கெடந்தா கெட்டா போயிரும்?" என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து மண்வெட்டியைச் சாத்தினார்கள்.

ஏற்கெனவே வழியில் இறங்கிக்கொண்டிருந்த கிழங்கை அரைத்து முடித்ததும் மில் நின்றது. முதலாளி சொன்னபடி சாவியைக் காளியண்ணன் கையில் கொடுத்தார். சுவரில் தொங்கிய சாமான்கள் அவன் மாட்டி வைத்த வரிசையிலேயே இறங்கின. யாரும் எதையும் தேடவில்லை. தண்டை இறக்கி, தேய்ந்த பித்தளையை அவன் எடுத்து எண்ணெயைத் துடைத்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். நிச்சயம் விரிசல் விட்டிருக்கும், அதை ஊருக்கே காட்டலாம் என்ற ஆசை எனக்கு. ஒரு பக்கம் மெலிந்து போயிருந்தது. விரிசல் இல்லை.

காளியண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு ஓடியிருக்கும்?" என்றேன்.

"தெரியல சின்னுசாமி. மறுநாளே துள்ளியிருக்கலாம். வைகாசி வரைக்கும் முனகிக்கிட்டே ஓடியும் இருக்கலாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நடந்த விபத்துக்கு ஊரே சாட்சி சொல்லும். நடக்காத விபத்துக்குச் சாட்சி ஏது? அவன் வேலை முழுக்க அந்த மாதிரி வேலைதான். நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யாரும் மாலை போட மாட்டார்கள். அதுவரை அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. இந்தத் தடவை அந்த ஒன்றும் நடக்காததற்காக ஒரு மனிதர் தன் சாமியை விட்டுக்கொடுத்திருந்தார்.

மில் மறுபடி ஓடத் தொடங்கியது. உருளையில் உதறல் இல்லை. முதலாளி தானே ஒரு முறை மூங்கில் குச்சியை வாங்கி வைத்துக் கேட்டார். என்ன கேட்டதோ, அடுத்த அரவைக்குள் இன்னொரு தண்டும் உருளையும் போடச் சொல்லிவிட்டார். ஒன்று ஓடினால் ஒன்றைப் பிரிக்கலாம், பூவுக்காகக் காத்திருக்க வேண்டாம். காளியண்ணனின் கவலைக்கு அதன்பிறகு இரண்டு உருளை கிடைத்தது, இரண்டையும் பற்றிக் கவலைப்பட்டே கிழவனானான்.

நான் சொல்ல வந்தது அதையல்ல. மலையில் வேறொரு பூசாரி மணியை எடுத்துக்கொண்ட பிறகு ஒரு நாள் மத்தியானம் கருப்பண்ணன் கீழே இறங்கி வந்தார். இனி அவருக்கு எல்லை கிடையாது. தங்கை வீட்டு வாசலில் நின்று, கூரையையும் கதவையும் முற்றத்தில் காயும் துணியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைக் காளியண்ணன் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அவர் உள்ளே வருவதற்குள் அவன் காதில் நான் சொன்னேன். "விரிசல் விட்டிருந்துச்சுன்னு சொல்லீரு. மனுசன் நிம்மதியாத் தூங்குவாரு." அவன் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் கருப்பண்ணன் அதைத்தான் கேட்டார். "பிரிச்சுப் பார்த்தியே மாப்பள, உடைஞ்சிருந்துச்சா?"

காளியண்ணன் எழுந்துபோய், துணியில் சுற்றி வைத்திருந்த பழைய பித்தளையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். "தேஞ்சிருந்துச்சு மச்சா. உடையல. உடையாமயே ஓடியிருந்தாலும் ஓடியிருக்கும். எனக்குத் தெரியல."

அவர் அந்தப் பித்தளையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். மெலிந்த பக்கத்தில் கட்டைவிரலால் தடவினார். அடுப்படியிலிருந்து அத்தாயி சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பானையைக் கீழ வையி கண்ணு. கையக் காட்டு" என்றார்.

அவள் ஒன்றும் புரியாமல் முந்தானையில் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். கிழங்குப் பால் பட்டுப் பட்டு விரல்களெல்லாம் வெளுத்து வெடித்திருந்தன. அவர் முன்புறம் பார்த்தார், திருப்பிப் பின்புறம் பார்த்தார். பித்தளையைக் காளியண்ணனிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அனுப்புனபடியேதான் இருக்குது" என்றார். "சோத்தப் போடு."